ஐந்தில் எத்தனை

குலசேகரத்திலிருந்து ஏழு ஐம்பது பேருந்து.
பையில் அறுபது படிவம்,
படிவம் ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய்.
பேச்சிப்பாறை தாண்டி
றப்பர் ஷீட் காயும் புகைப்புரை வாசலில்
வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள் பேபி சரோஜம்.
விரலில் உறைந்த பாலைத் தோலாக உரித்துக்கொண்டே
"கேளுங்க" என்றாள்,
"பத்தரைக்கு எடை போடணும்."

'விருந்துகளில் நான் கலகலப்பாக இருப்பேன்.'
ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் முழுக்க முழுக்க.
"ஆருக்க விருந்து?"
பொதுவாக, என்றேன்.
"பொதுவா ஆரும் விருந்து வைக்கமாட்டாவளே.
மச்சினி வீட்டுலண்ணா ஒண்ணு.
எனக்க தங்கச்சி வீட்டுலண்ணா அஞ்சு.
மூணுண்ணு போடுங்க, உங்களுக்கு நேரமாவுது."
போட்டேன்.
மூன்றுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.'
பொய்யரைப் பிடிக்க நடுவில் வைத்த கண்ணி இது.
அவள் சிரித்தாள்.
"இதுக்கு அஞ்சு போட்டா
அதுவே ஒரு கள்ளம் இல்லியா?"

பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்:
முன்பெல்லாம் பித்தம் எவ்வளவு, கபம் எவ்வளவு என்றார்களாம்.
பிறகு மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவினார்களாம்.
மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம்.
ஒருநாள் அகராதியைத் திறந்துவைத்து
மனிதரைச் சொல்லும் சொல்லையெல்லாம் பொறுக்க
ஏறக்குறைய பதினெட்டாயிரம் சேர்ந்துவிட்டது.
அமிலம் விட்டு, உறையவைத்து, உருளையில் நசுக்கி
ஐந்தே ஐந்து ஷீட்டாக்கிக் கொடியில் போட்டார்கள்.
அந்த அகராதியில் வெப்ராளம் உண்டா,
கெறு உண்டா, பொறுதி உண்டா
என்று கேட்க எழுந்தேன்.
தேநீர் வந்துவிட்டது.

'நான் எளிதில் பயந்துவிடுவேன்.'
"அஞ்சு" என்றாள் உடனே. "ஆறு உண்டுமா?"
பேனாவை வைத்துவிட்டேன்.
"மேல பிளாக்குல ஆனை நிக்கும்.
வெளுப்புக்கு மூணு மணிக்கு
தலையில லைட்டு கட்டிட்டு ஒத்தைக்குப் போணும்.
நான் வருதேன்னு அதுக்குத் தெரியண்டாமா?
அதுக்காக்கும் பாட்டு.
பாதி கோயில் பாட்டு, பாதி சினிமா.
வாய மூடினா காலு நிண்ணுபோவும்."

அறிந்தவர் இருவரையும் கேட்க வேண்டும், விதி.
யேசுவடியான் பாயில் கிடந்தபடி சொன்னார்,
முதுகெலும்பில் வலி, எழ முடியாது:
"அவளுக்கா பயம்?
பாட்டு மலையேறிப் போறத
தெனமும் கேட்டுட்டுல்லா கிடக்கேன்.
ஒண்ணு போடுங்க."
சூப்பர்வைசர் தாணுலிங்கம் கலகலப்புக்கு ஐந்து கொடுத்தார்.
"சந்தோஷம் இல்லாத பொம்பள
அந்த நேரத்துல பாடுவாளா?"

நாகர்கோவிலிலிருந்து போன்.
மூன்று படிவமும் ஒத்துப்போகவில்லை,
சரியாகத்தான் கேட்டீர்களா?
கேட்டேன்.
இரண்டு வாரம் கழித்து அவளிடம் மட்டும் மறுபடி கேளுங்கள்.
மாறாமல் இருந்தால்தான் அது குணம்.

இரண்டு வாரமும் மழை. வெட்டு இல்லை, கூலி இல்லை.
பேபி சரோஜம் கதவு நிலையில் சாய்ந்து
ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விரலை மடக்கினாள்.
பயம்?
"ரெண்டு."
போன தடவை ஐந்து சொன்னீர்களே.
"போன தடவ வெட்டு இருந்துது."
உள்ளே யேசுவடியான் இருமினார்.
பாட்டு நின்று பதினான்கு நாள்.
அவர் உறங்கி எத்தனை நாள் என்று
என் படிவத்தில் கேள்வி இல்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
நிறுத்தத்தில் விளக்கில்லை, ஆளில்லை.
றப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன,
ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் வெட்டுவாங்கி.
ஏதோ ஒன்று ஒடிந்தது, கிளையாக இருக்கலாம்.
பேருந்து வெளிச்சம் வளைவில் திரும்பும்வரை
பல்லவி மட்டும் தெரிந்த ஒரு பாட்டை
சத்தமாக, திரும்பத் திரும்ப.

கண்டக்டர் காதில் விழுந்திருக்கிறது.
"டீச்சர் இண்ணைக்கு நல்ல குஷியாக்கும்?"

குலசேகரம் ஒண்ணு, என்றேன்.